யாரு கூப்பிட்டா?

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அம்மானின் கை நின்றுவிடும். பிசைந்த சோற்றில் விரல்கள் அப்படியே இருக்க, முகம் மட்டும் முகப்புப் பக்கம் திரும்பும். பெயர் சொல்லி யாராவது கூப்பிட்டால் நாம் எப்படித் திரும்புவோமோ அப்படித்தான். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருப்பார். "ம்" என்பார். பிறகு கை மறுபடி இலைக்கு வரும். அதற்குள் வெண்டைக்காய் மண்டி ஆறிப்போயிருக்கும்.

நாற்பது பேர் புழங்குவதற்கென்று கட்டிய வீட்டில் அப்போது நாங்கள் மூன்றே பேர். அம்மாவைப் பெற்ற ஆயா, அவர் மகனான அம்மான், கோடை விடுமுறைக்கு வந்திருந்த நான். எனக்குப் பன்னிரண்டு வயது. ஏதாவது ஒன்று அதிர்ந்தால்தான் ஒலி பிறக்கும் என்று அந்த ஆண்டுதான் பள்ளியில் படித்திருந்தேன். படித்ததைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை. ஒருநாள் அம்மான் அப்படித் திரும்பியதும் எழுந்து முகப்பு வரை ஓடினேன். திண்ணையைப் பார்த்தேன், தெருவைப் பார்த்தேன், திரும்பி வந்து, "யாருமே இல்லை அம்மான்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "ஒனக்குக் கேக்கலைன்னா எனக்கும் கேக்கலைன்னு ஆயிருமா அப்பு?" என்றார்.

அந்தக் கேள்வி இன்னும் என்னிடமேதான் இருக்கிறது. அம்மான் வீட்டுக் கோயிலான இளையாத்தங்குடிக்குப் போகும்போதெல்லாம் அதையும் எடுத்துக்கொண்டு போகிறேன். கைலாசநாதர் சந்நிதியில் நின்றுவிட்டு, நித்யகல்யாணி அம்மனைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் உச்சி வெயில். காஞ்சி மடத்தின் 65-ஆவது பீடாதிபதியான மகாதேவேந்திர சரஸ்வதி சுவாமிகள் சித்தியடைந்தது இந்த ஊரில்தான். அவருடைய சமாதியான அதிஷ்டானத்தில் நண்பகலில் அநேகமாக யாரும் இருப்பதில்லை. 1962-இல் காஞ்சிப் பெரியவர் இந்த ஊரில்தான் ஆகம சிற்ப சதஸைக் கூட்டினார். சிற்பிகளும் வேத பண்டிதர்களும் கலைஞர்களும் வந்து நிறைந்ததை ஆயா நேரில் பார்த்தவர். அத்தனை பேச்சும் ஓய்ந்த இடத்தில் இப்போது அமைதி மட்டும் இருக்கிறது. அங்கே உட்கார்ந்தால் முதலில் கேட்பது வெளியே இருக்கும் அமைதி இல்லை, உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் பேச்சுதான். பேருந்துக்கு நேரமாகிறது என்கிறது ஒரு குரல். போன வாரம் ஒருவரிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்கிறது இன்னொன்று. இறந்துபோன அப்பச்சியின் குரலில் ஒரு கண்டிப்பு. இவற்றையெல்லாம் என் நினைப்பு என்று நான் எப்படி அறிகிறேன்? யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஏதோ ஒரு முத்திரை அவற்றின் மேல் விழுந்திருக்கிறது. இது உன்னுடையது என்கிற முத்திரை.

அந்த முத்திரை விழாமல் போனால் என்ன ஆகும் என்பதுதான் அம்மானின் வாழ்க்கை. குரல் கேட்கிற நேரத்தில் மூளையைப் படம் எடுத்துப் பார்த்த ஆய்வாளர்கள், நாம் பேசும்போது வேலை செய்கிற பகுதியே அப்போதும் வேலை செய்வதைக் கண்டார்கள். தன் உள்பேச்சே தன்னுடையது என்ற அடையாளம் கழன்று, வெளியிலிருந்து வருவதுபோல் காதில் விழுகிறது என்பது இன்று பலர் ஏற்கும் விளக்கங்களில் ஒன்று. அதனால் குரல் கேட்பவர் கற்பனை செய்து சொல்லவில்லை. அவருக்கு அது கேட்கிறது. பக்கத்தில் ஒருவர் பேசினால் நமக்குக் கேட்கிற அதே உறுதியோடு கேட்கிறது. முகப்பு வரை ஓடிப்போய்ப் பார்த்த பையனுக்கு இது தெரியாது.

உடம்பு இல்லாமல் வரும் குரலுக்கு நம் மொழியில் ஒரு சொல் இருக்கிறது. அசரீரி. அதைச் சொல்லும்போது யாரும் முகம் சுளிப்பதில்லை. தில்லையில் சேக்கிழார் பெரியபுராணத்தைத் தொடங்க முடியாமல் நின்றபோது முதல் சொல்லை எடுத்துக் கொடுத்தது ஒரு அசரீரி என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சுந்தரர் கதையும் அப்படித்தான். கல்யாணப் பந்தலில் வந்து வழக்காடிய கிழவரை அவர் பித்தன் என்று ஏசினார். திருவெண்ணெய்நல்லூரில் அந்தக் கிழவர் யார் என்று தெரிந்து, எப்படிப் பாடுவேன் என்று திகைத்து நின்றபோது, என்னைப் பித்தன் என்றாயே, அதையே வைத்துப் பாடு என்று குரல் வந்தது. தெய்வம் தனக்கென்று கேட்டு வாங்கிக்கொண்ட முதல் பெயர் பைத்தியம் என்று பொருள்படும் பெயர். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அம்மான் ஞாபகம்தான் வரும். தெருப் பிள்ளைகள் அவரையும் அந்தச் சொல்லால்தான் கூப்பிட்டார்கள்.

ஆனால் இந்தக் கதைகளைச் சொல்லி, குரல் கேட்கிற எல்லோரும் அருள் பெற்றவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அம்மான் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன். இரவு இரண்டு மணிக்கு வளவுத் தூணைக் கட்டிக்கொண்டு, "சொல்லாதீக, சொல்லாதீக" என்று அழுதார். கிணற்றில் குதி என்று ஒரு குரல் அவரிடம் சொன்னதாக ஆயா பின்னாளில் சொன்னார். சேக்கிழாருக்குக் கிடைத்தது ஒரே ஒரு சொல். அதைக் கொடுத்துவிட்டுக் குரல் விலகிக்கொண்டது. மீதி நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களை அவர்தான் உட்கார்ந்து எழுதினார். மனிதனைத் தன் வேலைக்கு அனுப்பிவைக்கிற குரல் அது. அம்மானுக்கு வந்த குரல்களோ ஒரு வேட்டியை மடித்து வைக்கக்கூட அவரை விடவில்லை.

குரல் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளத் துடிக்கிறோம். பேயா, தெய்வமா, செய்வினையா, மூளையா? அது வந்து போன பிறகு மனிதன் என்ன ஆனான் என்று பார்த்தவர்கள் குறைவு. ஆயா அதைப் பார்த்தார்.

ஆயாவுக்கும் குரல் கேட்கும் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அவர் கணவரான ஐயா இறந்து பல ஆண்டு ஆன பிறகும், விடியற்காலையில் வெந்நீர் கேட்டு அவர் செருமுவது வளவில் கேட்குமாம். "எந்திரிச்சு அடுப்பப் பத்தவச்ச பிறகுதான் ஐயா இல்லைங்கறதே நெனப்பு வரும்" என்றார். யாரிடமாவது சொன்னீர்களா என்று கேட்டேன். "சொன்னா எனக்கும் தாயத்துக் கட்டிருவாக" என்றார். 1971-இல் டெவி ரீஸ் என்ற மருத்துவர் வேல்ஸ் நாட்டில் துணையை இழந்த 293 பேரைச் சந்தித்துப் பேசி எழுதிய ஆய்வை நான் படித்தது ஆயா போன பிறகு. ஏறக்குறையப் பாதிப் பேர், போனவர் பக்கத்தில் இருப்பதை ஏதோ ஒரு விதத்தில் உணர்ந்திருந்தார்கள். எட்டில் ஒருவருக்குக் குரலே கேட்டது. பெரும்பாலோர் அதுவரை யாரிடமும் வாய் திறந்து சொல்லவில்லை. அதை ஒரு நோயாக ரீஸ் பார்க்கவில்லை. அன்பு பழகிய காது, ஆள் போன பிறகும் கொஞ்ச காலம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

எங்கள் வட்டாரத்து வீடுகளில் படைப்பு என்று ஒன்று உண்டு. மறைந்த முன்னோருக்குப் புதுத் துணி வைத்து, சமைத்துப் படைத்து, பங்காளிகள் ஒன்றுகூடிக் கும்பிடுவது. இறந்தவர்கள் அந்த வீட்டைவிட்டுப் போய்விட்டதாக அங்கே யாரும் நினைப்பதில்லை. அவர்களுக்குப் பசிக்கும், அவர்களுக்குத் துணி வேண்டும், கோபம் வரும், ஆசீர்வாதம் பண்ணுவார்கள். இப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவருக்குக் குரல் கேட்கத் தொடங்கினால் யாருடைய குரல் கேட்கும்?

இதற்கு விடை மாதிரி ஒரு ஆய்வு சென்னையில் நடந்திருக்கிறது. தான்யா லூர்மன் என்ற அமெரிக்க மானிடவியலாளர், அங்குள்ள மனநல நிறுவனமான ஸ்கார்ஃபின் மருத்துவர் பத்மாவதி முதலானவர்களோடு சேர்ந்து, மனச்சிதைவு என்று பெயரிடப்பட்ட நோய் உள்ளவர்களிடம் அவர்கள் கேட்கும் குரல்களைப் பற்றிப் பேசினார். கலிபோர்னியாவில் 20 பேர், கானா நாட்டின் அக்ராவில் 20 பேர், சென்னையில் 20 பேர். 2015-இல் அது வெளியானது. அமெரிக்காவில் கேட்டவர்களுக்குப் பெரும்பாலும் முகம் தெரியாத குரல்கள். அடி, வெட்டு, கொல்லு என்று போர் நடத்தும் குரல்கள். அக்ராவில் பலருக்குக் கடவுள் பேசினார். சென்னையில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் கேட்டது சொந்தக்காரர்களின் குரல். அவை திட்டவும் செய்தன. ஆனால் கூடவே, போய்க் குளி, சமை, சாப்பிடு, வீட்டைப் பெருக்கு என்று வேலையும் ஏவின.

இதைப் படித்த அன்று நான் வெகுநேரம் பேசாமல் இருந்தேன். நோய் ஒன்றுதான், மருந்தும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் குரல், கேட்பவர் வளர்ந்த வீட்டின் பேச்சைத்தான் பேசுகிறது. குரல் கேட்பவரைச் சுற்றி நாம் எப்படிப் பேசுகிறோம் என்பது அவருக்குள் கேட்கும் பேச்சிலும் போய்ச் சேருமோ என்னவோ. தூணைக் கட்டிக்கொண்டு அழுத அம்மானைத் திண்ணையில் உட்கார்ந்து கேலி பேசியவர்களை நினைத்தால் எனக்கு இன்னும் நெஞ்சு வலிக்கிறது.

மனச்சிதைவு என்ற சொல்லும் எனக்குப் பிடிக்கவில்லை. சிதைந்தது என்று முடிவு கட்டிய பிறகு யார் வந்து உட்கார்ந்து பேசுவார்கள்? ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு வாழ்நாளில் வரக்கூடிய நோய் அது. அம்மானை அது ஊர்க் கணக்கிலிருந்தும் தள்ளிவைத்தது. எங்கள் சமூகத்தில் கல்யாணமான ஒருவர் மனைவியோடு சேர்ந்து கோயில் கணக்கில் ஒரு குடும்பம், அதாவது ஒரு புள்ளி. அம்மானுக்குப் பெண் கொடுக்க யாரும் முன்வரவில்லை. இளையாத்தங்குடிக் கோயில் கணக்கில் அவர் ஒருநாளும் புள்ளி ஆகவில்லை. கோயிலைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கணக்கில் வராத மனிதர்கள் ஒவ்வொரு ஊரிலும் வீட்டுக் கட்டுகளுக்குள் இருக்கிறார்கள் என்பதற்காக எழுதுகிறேன். வீடு பெரிதாக இருந்தால் அவர்களை மறைத்து வைப்பதும் எளிது. எங்கள் வீட்டிலும் இரண்டாங்கட்டில் ஒரு அறைக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது.

ஏர்வாடியை நினைக்காமல் இதை எழுத முடியாது. 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. தர்காவை நம்பிக் குடும்பங்கள் கொண்டுவந்து விட்டிருந்த காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. கொட்டகையில் சங்கிலியால் கட்டி வைக்கப்பட்டிருந்தவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். தீ என்று அவர்கள் கத்தியபோதுகூட, இவர்கள் எப்போதும் கத்துகிறவர்கள்தானே என்று யாராவது நினைத்திருப்பார்களோ என்று எனக்குத் தோன்றும். அந்த நினைப்பு வந்தால் அன்று தூக்கம் கிடையாது. இன்று, 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி ஒருவரை எந்த வகையிலும் சங்கிலியால் பிணைப்பது தடை செய்யப்பட்டிருக்கிறது. ஏர்வாடி தர்காவில் தொழுகையோடு மருத்துவரும் கிடைக்க வழி செய்தார்கள். துவா என்கிற வேண்டுதலும் வேண்டும், தவா என்கிற மருந்தும் வேண்டும்.

கோயில்களை நாடிப் போகிறவர்களையும் நான் தடுக்க மாட்டேன். குணசீலத்தில் பெருமாளை நம்பி 48 நாள் தங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வேலாயுதம்பாளையம்புதூரில் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரை ரகுராம் என்ற மனநல மருத்துவரும் அவர் தோழர்களும் கவனித்து 2002-இல் எழுதினார்கள். சராசரி ஆறு வாரம் தங்கினார்கள். பெரிய சடங்கு எதுவும் கிடையாது. காலையில் பூசை, பிறகு பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் விடுவது. அவ்வளவுதான். நோயின் கடுமை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பயமில்லாத ஓரிடம், கைக்கு ஒரு வேலை, விரட்டாத மனிதர்கள். மருந்தை நிறுத்து என்று சொல்லாதவரை எந்தச் சந்நிதியும் நல்லதுதான் என்பது என் எண்ணம்.

மருந்து அம்மானைக் காப்பாற்றியது. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். மதுரையில் ஒரு மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். முதலில் வாய் உலர்ந்தது, கை நடுங்கியது, பகலெல்லாம் தூங்கினார். ஆயா விடவில்லை. மாத்திரையை மோரோடு கொடுத்து, விழுங்கும்வரை எதிரில் உட்கார்ந்திருப்பார். சில மாதங்களில் கிணற்றில் குதிக்கச் சொன்ன குரல் போய்விட்டது. மற்றவை தூரத்துத் தெருவில் பேசுவது போல மங்கின. ஆனால் மாத்திரை மட்டும் போதாது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் தலைவராக இருந்து, 1984-இல் ஸ்கார்ஃபைத் தொடங்கிய சாரதா மேனன், மாத்திரைக்குப் பிறகு மனிதருக்கு வேலையும் வீடும் வேண்டும் என்பதற்காகவே தொண்ணூறு வயது தாண்டியும் பாடுபட்டார். குரல் ஒருவரைச் சாகச் சொல்கிறது, பிறரைத் தாக்கச் சொல்கிறது என்றால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. அரசு மாவட்ட மருத்துவமனைக்குப் போகலாம். 14416 என்ற மனநல உதவி எண்ணைக் கூப்பிட்டால் தமிழிலேயே பேசுவார்கள்.

நெதர்லாந்தில் 1980-களில் பாட்சி ஹேக் என்ற பெண் தன் மருத்துவர் மாரியஸ் ரோமிடம் ஒன்று கேட்டார். பார்த்தும் இராத, கேட்டும் இராத கடவுளை நீங்கள் நம்புகிறீர்கள். நான் நிஜமாகவே கேட்கிற குரல்களை நீங்கள் ஏன் நம்பக் கூடாது? அந்தக் கேள்வி ரோமை யோசிக்க வைத்தது. பிறகு அந்தப் பெண்ணோடு தொலைக்காட்சியில் தோன்றி, குரல் கேட்பவர்கள் தங்களோடு பேசலாம் என்று அழைத்தார். நூற்றுக்கணக்கானோர் கூப்பிட்டார்கள். அவர்களில் பலர் ஒரு மருத்துவரையும் பாராமல், குரலோடு உடன்பாடு செய்துகொண்டு, வேலைக்குப் போய்க்கொண்டு, பிள்ளை வளர்த்துக்கொண்டு வாழ்ந்தவர்கள். குரல் கேட்பவர்கள் ஒன்றுகூடிப் பேசும் வழக்கம் அங்கிருந்து பல நாடுகளுக்குப் பரவியது. அந்தக் கூட்டங்களில் குரல் இருக்கிறதா இல்லையா என்று யாரும் வழக்காடுவதில்லை. யார் குரல், எப்போது வரும், என்ன சொல்லும், முதலில் வந்தபோது உன் வாழ்க்கையில் என்ன நடந்தது என்று கேட்பார்கள்.

ஆயா எந்த நாட்டுக்கும் போனதில்லை. அவர் கேட்டதும் அதையேதான். காலையில் காப்பி டம்ளரை அம்மான் பக்கத்தில் வைத்துவிட்டு, "யாரு கூப்பிட்டா? இன்னைக்கு என்ன சொல்லுது?" என்று, மழை வருமா என்று கேட்பது போலக் கேட்பார். அம்மான் சொல்லுவார். கெட்டதைச் சொன்னால், "அது கெடக்கு, விடு" என்பார். நல்லதாக ஏதாவது சொன்னால், "செய்யி" என்பார். என் நினைவில் ஒருமுறைகூட, அங்கே யாரும் இல்லை என்று ஆயா சொன்னதில்லை. இருக்கிறார்கள் என்றும் சொன்னதில்லை. வெளியே கேட்காததை மறுக்கவும் இல்லை, மெய்யென்று ஆமோதிக்கவும் இல்லை; மகனோடு அந்தக் குரலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அதிஷ்டானத்தில் உட்கார்ந்து உள்பேச்சைக் கவனிக்கும்போது நான் கற்றுக்கொள்ள முயல்வதும் அதுதான். எழும் குரலை விரட்டாமல், அதன் பின்னாலேயே ஓடிப்போகாமல், வந்ததை வந்தது என்று பார்த்திருப்பது. எனக்கு அரை மணி நேரம்கூடக் கைவருவதில்லை. ஆயா முப்பது ஆண்டு செய்தார்.

ஆயா போய் ஒரு வருடம் ஆகியிருக்கும். இளையாத்தங்குடியில் சாமி கும்பிட்டுவிட்டு அம்மானைப் பார்க்கப் போனேன். குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, வளவில் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. மாத்திரை டப்பா பக்கத்தில் இருந்தது. பேசிக்கொண்டிருந்தபோதே அந்தப் பழைய திரும்பல். முகம் அடுப்படிப் பக்கம் போயிற்று. முகப்புப் பக்கம் இல்லை.

நான் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. "யாரு கூப்பிட்டா அம்மான்?" என்று கேட்டேன்.

"ஆத்தாதான்" என்றார். "தெனமும் காலைல குளிச்சியான்னு கேப்பாக. மாத்திரை போட்டியாம்பாக."

"இப்ப என்ன சொல்றாக?"

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒன்னயச் சாப்பிட்டுட்டுப் போகச் சொல்றாக."

மூன்றரை மணிப் பேருந்தை விட்டுவிட்டு, இலை போடச் சொன்னேன்.